உங்களால் முடியும்

ஐரோப்பாவை ஆள்பவர்களே, உங்களைப் புகழ எனக்குக் காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் தலையானது ஓர் எண்: ஒன்றரை லட்சம்.

2013 அக்டோபர் 18 முதல் 2014 அக்டோபர் 31 வரை 'மாரே நோஸ்த்ரும்' என்ற பெயரில் இத்தாலியக் கடற்படை மத்தியதரைக் கடலில் நடத்திய மீட்புப் பணியில் கரையேற்றப்பட்ட மனிதர்களின் தொகை ஏறக்குறைய அவ்வளவு. போர்க்கப்பல்கள் கரையோரத்தில் காத்திருக்கவில்லை. லிபியாவை நோக்கித் தெற்கே வெகுதூரம் இறங்கிப் போய் நின்றன. பின்புறக் கதவைத் திறந்தால் சிறு படகுகள் கப்பலின் வயிற்றுக்குள்ளேயே வந்து சேரும்படி அமைந்த பெரிய கப்பல்களும் அவற்றில் இருந்தன. மேலே ஹெலிகாப்டர்கள், ஆளில்லா விமானங்கள். கீழே மருத்துவர்கள், மொழி தெரிந்த ஆட்கள். படகின் அடியில் தேங்கிய உப்புநீரும் எரிபொருளும் கலந்து தோல் வெந்துபோனவர்களையும், மூச்சுக்கு அலைந்தவர்களையும், தாயின் கையிலேயே விறைத்துக்கொண்டிருந்த குழந்தைகளையும் மாலுமிகள் அள்ளித் தூக்கினார்கள். ஆயுதம் ஏந்தப் பழகிய கைகள் கம்பளி போர்த்தின. ஒரு கடற்படை தன் வரலாற்றில் பெருமைப்பட வேண்டிய ஓராண்டு உண்டென்றால் அதுதான்.

இதற்கு மாதம் ஏறக்குறைய 90 லட்சம் யூரோ செலவானது. மொத்தச் செலவை மீட்கப்பட்டவர்களின் தொகையால் வகுத்தால் ஆளுக்கு ஏறத்தாழ 750 யூரோ வருகிறது. அந்த ஆண்டிலும் மத்தியதரைக் கடலில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். கடல் பெரிது, படகுகள் கடலுக்கே ஆகாதவை. ஆனாலும் ஒரு நாடு, செலவின் பெரும்பங்கைத் தானே சுமந்துகொண்டு, மனம் வைத்தால் எவ்வளவு செய்யலாம் என்று உலகத்துக்குக் காட்டிவிட்டது. செய்யத் தெரியாதவர்களை மன்னிக்கலாம். உங்களுக்குத் தெரியும் என்பது அன்றோடு நிரூபணமாயிற்று.

நிரூபித்த கையோடு நிறுத்தினீர்கள்.

செலவை எல்லா நாடுகளும் பகிர்ந்துகொள்ளுங்கள் என்று இத்தாலி கேட்டது. யாரும் முன்வரவில்லை. 2014 நவம்பர் 1 முதல் அந்த இடத்துக்கு உங்கள் ஒன்றியத்தின் 'ட்ரைடன்' என்ற பணி வந்தது. அதற்கு ஒதுக்கிய பணம் மாதம் 29 லட்சம் யூரோ. முதன்மை வேலை எல்லைக் காவல். ரோந்து எல்லை இத்தாலியக் கரையிலிருந்து 30 கடல் மைல். படகுகள் மூழ்கியதோ அதற்கு வெகுதூரம் தெற்கே. திட்டமிட்ட மீட்புப் பணியைத் தாங்கள் ஆதரிக்கப்போவதில்லை என்று பிரிட்டிஷ் அரசு தன் பிரபுக்கள் சபையில் எழுத்துமூலம் தெரிவித்தது. மீட்புக்கு ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் இன்னும் பலர் புறப்பட்டு வருவார்கள் என்பது அது சொன்ன காரணம். மனத்தில் இருந்ததை மறைக்காமல் எழுதிக் கையெழுத்திட்ட அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். காப்பாற்றுவதை நிறுத்தினால் சாவைப் பார்த்து மற்றவர்கள் அஞ்சி நிற்பார்கள் என்ற கொள்கையை இவ்வளவு வெளிப்படையாக எழுதிவைத்த அரசுகள் அதிகம் இல்லை.

அந்தக் கணிப்பு சரிதானா என்று பார்க்க அதிக காலம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 2014-இன் முதல் நான்கு மாதங்களில் கடல் வழியே இத்தாலியை அடைந்தவர்கள் 26,000 சொச்சம். மீட்புப் பணி நின்றபின், 2015-இன் அதே நான்கு மாதங்களில் அடைந்தவர்களும் 26,000 சொச்சம். வந்தவர்களின் தொகையில் மாற்றமில்லை. இறந்தவர்களின் தொகைதான் மாறியது. முதல் ஆண்டின் அந்த நான்கு மாதங்களில் நூறுக்கும் கீழே இருந்தது, அடுத்த ஆண்டு 1,600-ஐத் தாண்டியது. போருக்கும் பஞ்சத்துக்கும் சிறைக்கும் தப்பி ஓடுகிறவன் ஐரோப்பியப் பாராளுமன்றங்களின் நடவடிக்கைக் குறிப்பைப் படித்துவிட்டுப் படகேறுவதில்லை.

அந்த 1,600-இல் பாதியளவு ஒரே இரவில் போயிற்று. 2015 ஏப்ரல் 18. லிபியாவிலிருந்து புறப்பட்ட ஒரு மீன்பிடிப் படகுக்கு உதவும்படி, அருகில் சென்றுகொண்டிருந்த 'கிங் ஜேக்கப்' என்ற சரக்குக் கப்பலைக் கேட்டுக்கொண்டார்கள். அனுப்புவதற்கு மீட்புக் கப்பல் பக்கத்தில் இல்லை. பெரிய கப்பலின் மேல் படகு மோதிக் கவிழ்ந்தது. உயிர் பிழைத்தவர்கள் 28 பேர். இறந்தவர்கள் 700-க்கு மேல். ஆயிரத்தைத் தொட்டிருக்கலாம் என்ற மதிப்பீடும் உண்டு. சரக்கு ஏற்றிச் செல்லும் மாலுமிகளிடம் கடற்படையின் வேலையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இனி உங்கள் கண்ணைப் புகழ வேண்டும். உலகத்தில் இவ்வளவு கூர்மையாகப் பார்க்கப்படும் கடல் வேறு இல்லை என்றே சொல்லலாம். வார்சாவில் தலைமையகம் கொண்ட உங்கள் எல்லைக் காவல் நிறுவனமான ஃபிரான்டெக்ஸின் ஆண்டுச் செலவுத்தொகை 2005-இல் 60 லட்சம் யூரோவாக இருந்தது. 2023-இல் 84 கோடியைக் கடந்தது. மால்டாவிலிருந்து 'ஹெரான்' என்ற ஆளில்லா விமானம் மணிக்கணக்கில் கடலின் மேல் பறக்கிறது. இருட்டும் அதற்குத் தடை இல்லை.

2023 பிப்ரவரி 25 இரவு, இத்தாலியப் பெருநிலத்தின் தென்கோடியான கலாப்ரியாவை நோக்கித் துருக்கியிலிருந்து ஒரு மரப்படகு வந்துகொண்டிருந்தது. கரையிலிருந்து ஏறக்குறைய 40 கடல் மைல் தொலைவிலேயே ஃபிரான்டெக்ஸ் விமானம் அதைக் கண்டது. மேல்தளத்தில் ஓர் ஆள்தான் தென்பட்டார். ஆனால் வெப்பத்தை உணரும் கேமரா, தளத்துக்குக் கீழே நிறையப் பேர் இருக்கலாம் என்று காட்டியது. எண்ணிப் பாருங்கள்: கும்மிருட்டில், கடலுக்கு மேலே வானத்திலிருந்து, பலகைக்கு அடியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த தாய்மார்களின், பிள்ளைகளின் உடற்சூடு உங்கள் கருவிக்கு எட்டியது. தகவல் ரோமுக்குப் போனது. எல்லைக் குற்றம் பார்க்கும் நிதிக் காவல்படையின் இரண்டு படகுகள் புறப்பட்டு, கடல் கொந்தளிக்கிறது என்று திரும்பின. கடும் கொந்தளிப்பிலும் போகக்கூடிய கடலோரக் காவல்படையின் மீட்புப் படகுகள் புறப்படவே இல்லை. விடியுமுன் அந்தப் படகு குத்ரோ ஊரின் கடற்கரைக்குக் கூப்பிடு தொலைவில் மணல்மேட்டில் மோதிச் சிதறியது. குறைந்தது 94 பேர் இறந்தார்கள். அவர்களில் 35 பேர் சிறுவர்கள். அன்றே உள்துறை அமைச்சர் வந்து, எவ்வளவு துயரம் இருந்தாலும் பிள்ளைகளின் உயிரைப் பணயம் வைத்து இப்படிப் பயணம் செய்யலாகாது என்று பெற்றோருக்குப் புத்தி சொன்னார்.

இதைவிடத் துல்லியமான வேலை ஒன்றும் நடந்திருக்கிறது. கடலில் கப்பல் இருந்தால் ஒரு சங்கடம் உண்டு. முழுகிக்கொண்டிருப்பவனைக் கண்ட கப்பல் காப்பாற்றியே ஆக வேண்டும், அது சட்டம். விமானத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. பார்க்கலாம், படம் பிடிக்கலாம், தகவல் சொல்லலாம். கயிறு எறிய முடியாது. 2015 முதல் நடந்துவந்த 'சோஃபியா' என்ற உங்கள் கடற்படைப் பணியிலிருந்து 2019 மார்ச்சில் கப்பல்களை விலக்கிக்கொண்டு விமானங்களை மட்டும் பறக்கவிட்டீர்கள். பணியின் காலம் நீட்டிக்கப்பட்டது, பெயரும் நீடித்தது. சோஃபியா என்பது அதே பணியில் இருந்த ஒரு கப்பலில், மீட்கப்பட்ட தாய்க்குப் பிறந்த பெண்குழந்தையின் பெயர். கண்ணை வைத்துக்கொண்டு கையை மட்டும் எடுத்துவிடுவது எப்படி என்று சட்டமும் கடலும் தெரிந்தவர்கள் பலர் கூடி யோசித்தால்தான் இது சாத்தியம்.

பார்த்துவிட்டுப் போகும் பழக்கம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 2011 மார்ச் இறுதியில் திரிப்போலியிலிருந்து 72 பேரோடு ஒரு ரப்பர் படகு புறப்பட்டது. லிபியாவில் நேட்டோ போர் நடந்துகொண்டிருந்த நேரம்; அந்தக் கடல்பரப்பில் போர்க்கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் குறைவில்லை. படகிலிருந்து செயற்கைக்கோள் தொலைபேசியில் ரோமில் இருந்த எரித்ரியப் பாதிரியார் ஒருவரை அழைத்தார்கள். அவர் கடலோரக் காவல்படைக்குச் சொன்னார். இருப்பிடம் எல்லாக் கப்பல்களுக்கும் அறிவிக்கப்பட்டது. ஒரு ஹெலிகாப்டர் வந்து தண்ணீரும் பிஸ்கட்டும் இறக்கிவிட்டுப் போயிற்று. பெரிய போர்க்கப்பல் ஒன்று அருகில் வந்து விலகிப் போயிற்று என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். இறந்துபோன பச்சைக் குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்களாம். பதினான்கு நாள் மிதந்த பிறகு காற்றும் அலையுமாய்ப் படகைப் புறப்பட்ட நாட்டுக் கரையிலேயே கொண்டு சேர்த்தன. கடைசியில் மிஞ்சியவர்கள் ஒன்பது பேர். ஐரோப்பிய மன்றத்தின் பாராளுமன்றப் பேரவை இதை விசாரித்து அடுத்த ஆண்டு அறிக்கை கொடுத்தது. உங்கள் பிழையை உங்கள் மன்றமே ஆராய்ந்து பக்கம் பக்கமாக எழுதி வெளியிடும் துணிவு எல்லாக் கண்டங்களிலும் இல்லை. அதையும் பாராட்டியே ஆக வேண்டும். அறிக்கை வந்த பிறகும் கடலில் ஒன்றும் மாறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சட்டம் எழுதுவதில் உங்களுக்கு இணை யார்? கடலில் ஆபத்தில் இருப்பவரை எந்த நாட்டவர், எந்த நிலையில் இருப்பவர் என்று கேட்காமல் காப்பாற்ற வேண்டும் என்ற 1979-இன் தேடல் மீட்பு உடன்படிக்கை உங்கள் ஹாம்பர்க் நகரில்தான் நிறைவேறிற்று. காப்பாற்றப்பட்டவரைப் பாதுகாப்பான இடத்தில் இறக்க வேண்டும் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. 2009-இல் இத்தாலி நடுக்கடலில் பிடித்தவர்களை லிபியாவிலேயே கொண்டுபோய் இறக்கியபோது, அவர்களில் 24 பேர், சோமாலியர்களும் எரித்ரியர்களும், ஸ்த்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2012 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: செய்தது தவறு, லிபியாவில் சித்திரவதை காத்திருக்கிறது, கடலின் நடுவிலும் மனிதனுக்கு உரிமை உண்டு. பதினேழு நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன தீர்ப்பு. வீடும் நாடும் இல்லாதவனுக்காக ஓர் அரசையே குற்றவாளி ஆக்கும் நீதிமன்றத்தைக் கட்டியவர்கள் நீங்கள்.

அந்தத் தீர்ப்பை நன்றாகப் படித்தும் இருக்கிறீர்கள். உங்கள் கப்பலில் ஏற்றி லிபியாவுக்குக் கொண்டுபோகக் கூடாது என்றுதானே தீர்ப்பு? 2017 பிப்ரவரி 2-ஆம் தேதி ரோமில் லிபிய அரசோடு ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. படகு கொடுத்தீர்கள், பயிற்சி கொடுத்தீர்கள், பணம் கொடுத்தீர்கள். இப்போது பிடிப்பது லிபியக் கடலோரக் காவல்படை. படகு எங்கே இருக்கிறது என்ற தகவல் மட்டும் பல வேளைகளில் உங்கள் விமானத்திலிருந்து போகிறது. அன்றிலிருந்து இப்படித் திருப்பிக் கொண்டுபோகப்பட்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். கொண்டுபோன இடத்தில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாமல் இல்லை. கொட்டடியில் அடைத்து, அடிக்கும் சத்தத்தை ஊரிலிருக்கும் தாய்க்குத் தொலைபேசியில் கேட்கவைத்துப் பணம் பறிக்கிறார்கள். லிபியாவில் குடியேறிகள் மீது நடப்பவை மானுடத்துக்கு எதிரான குற்றங்கள் என்று ஐக்கிய நாடுகள் சபையின் உண்மை அறியும் குழு 2023 மார்ச்சில் எழுதியது. அந்தக் கடலோரக் காவல்படையின் அதிகாரி ஒருவரையே ஆள் கடத்தலுக்காக 2018-இல் பாதுகாப்புச் சபை தடைப்பட்டியலில் சேர்த்தது. சட்டத்தின் எழுத்து ஒன்றையும் மீறாமல் சட்டம் காக்க வந்த மனிதனை மட்டும் கைவிட உங்களால் முடிந்திருக்கிறது.

பணம் வாங்கி ஆட்களைக் கள்ளத்தனமாகக் கடத்தும் ஏஜென்சிக்காரர்களை ஒழிக்க வேண்டும் என்கிறீர்கள். அதில் நானும் உங்களோடு நிற்கிறேன். கொடியவர்கள்தான், இருபது பேருக்கான ரப்பர் படகில் நூறு பேரை ஏற்றி, ஏற மறுத்தவனைத் துப்பாக்கிக் கட்டையால் அடிப்பவர்கள். ஆனால் அவர்களுக்குக் கடை திறந்து கொடுத்தது யார்? ஐரோப்பாவுக்கு விமானச் சீட்டு விலை, படகுக்குக் கேட்கும் பணத்தில் சிறு பங்கு. ஆவணமில்லாதவரை ஏற்றிவந்தால் விமான நிறுவனத்துக்கு அபராதம் என்று 2001-இல் உத்தரவு போட்டீர்கள். அதனால் அடைக்கலம் கேட்கும் உரிமை உள்ளவனும் விமான நிலையத்து வாசலிலேயே நிறுத்தப்படுகிறான். அடைக்கலம் கேட்க ஐரோப்பிய மண்ணில் கால் வைக்க வேண்டும். கால் வைக்க வழி இல்லை. மிச்சம் இருப்பது கடல். கடலில் கடை வைத்திருப்பவன் ஏஜென்சிக்காரன்.

வேறு வழி உண்டா என்று கேட்பீர்கள். நீங்களே காட்டினீர்கள். 2022 மார்ச் 4-ஆம் தேதி, உக்ரைன் போர் தொடங்கிய ஒன்பதாம் நாள், இருபது ஆண்டுகளாகப் பெட்டியில் கிடந்த தற்காலிகப் பாதுகாப்பு உத்தரவை எடுத்துத் தூசி தட்டினீர்கள். ரயில் நிலையங்களில் சூப்பும் சிம் கார்டும் வைத்துக்கொண்டு மக்கள் காத்திருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம், பெற்றோருக்கு வேலை செய்ய அனுமதி, தங்க வீடு. நாற்பது லட்சத்துக்கு மேற்பட்டவர்களை இப்படி ஏற்றீர்கள். ஒரு தாய்கூட ஐரோப்பாவுக்குள் வர ஏஜென்சிக்காரனுக்குப் பணம் கட்டிக் கடலில் இறங்க வேண்டியிருக்கவில்லை. அந்த வாரங்களில் ஐரோப்பா நடந்துகொண்ட விதத்தை நான் முழு மனத்தோடு வணங்குகிறேன். உக்ரைனியர்களை அப்படி வரவேற்ற அதே போலந்து, அதே மாதங்களில், பெலாரஸ் எல்லைக் காட்டுக்குள் சிரியர்களையும் ஈராக்கியர்களையும் யேமனியர்களையும் திருப்பித் தள்ளிக்கொண்டிருந்தது.

இறந்தவர்களுக்கு நீங்கள் செய்வதையும் சொல்ல வேண்டும். அந்த 2015 ஏப்ரல் படகை ஏறக்குறைய 370 மீட்டர் ஆழத்திலிருந்து இத்தாலி தூக்கியது. 2016 கோடையில் சிசிலியின் மெலில்லி கடற்படைத் தளத்தில் வைத்து, தீயணைப்புப் படையினர் உள்ளே இறங்கி ஓராண்டாகக் கடலில் கிடந்த உடல்களை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். மிலான் பல்கலைக்கழகத்தின் தடயவியல் பேராசிரியர் கிறிஸ்தீனா கத்தானேயோ, பல பல்கலைக்கழகங்களிலிருந்து வந்த உடன் பணியாளர்களோடு சேர்ந்து அந்த உடல்களுக்குப் பெயர் தேடினார். ஊதியம் கருதாமல் வந்தவர்கள் பலர். மாலியைச் சேர்ந்த ஒரு சிறுவனின் சட்டைக்குள் ஒரு காகிதக் கட்டு தைக்கப்பட்டிருந்தது. பிரித்துப் பார்த்தால் பள்ளி மதிப்பெண் பட்டியல். கணக்கில் இத்தனை, அறிவியலில் இத்தனை. பதினான்கு வயது இருக்கலாம் என்றார்கள். நான் நன்றாகப் படிப்பவன், என்னை எடுத்துக்கொள்ளுங்கள் என்று உங்களிடம் காட்டத்தான் அதை நெஞ்சோடு சேர்த்துத் தைத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்தத் தையலைப் பிரித்து, ஊறிப்போன தாளை உலர்த்திப் படித்த கைகளைவிடப் பரிவான கைகள் இருக்க முடியாது. அந்தப் பரிவு அவன் உயிரோடு கடலில் இருந்தபோது எங்கே போயிற்று? அவன் மிதந்துகொண்டிருந்த இடம் உங்கள் ரோந்து எல்லைக்கு வெளியே இருந்தது.

2013 அக்டோபர் 3-ஆம் தேதி லாம்பெதூசாத் தீவுக்கு மிக அருகே ஒரு படகு எரிந்து கவிழ்ந்து 368 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் எரித்ரியர்கள். அந்த அதிகாலையில் மீன்பிடிக்கப் போயிருந்த எட்டு நண்பர்கள், கடற்பறவைகள் கத்துவதாக நினைத்துப் போய்ப் பார்த்து, தங்கள் சிறு படகில் 47 பேரை ஏற்றினார்கள். எரிபொருளில் வழுவழுத்துப் போன உடல்கள் கைக்குப் பிடிபடாமல் நழுவின. படகே மூழ்கிவிடும் என்ற நிலையிலும் அவர்கள் நிறுத்தவில்லை. இந்த எட்டுப் பேருக்குச் சொல்லும் பாராட்டில் எந்த உள்நோக்கமும் எனக்கு இல்லை. ஐரோப்பாவின் மானம் அன்று அந்தப் படகில் இருந்தது. அரசு என்ன செய்தது? இறந்தவர்கள் அனைவரும் இன்றுமுதல் இத்தாலியக் குடிமக்கள் என்று பிரதமர் அறிவித்தார். பிழைத்தவர்கள் மீது சட்டவிரோதமாக நாட்டில் நுழைந்ததற்கான விசாரணை தொடங்கியது.

அடுத்த எட்டாம் நாள், அக்டோபர் 11. சிரியர்கள் நிறைந்த இன்னொரு படகு. உள்ளே இருந்த மருத்துவர் ஒருவர், தண்ணீர் ஏறுகிறது என்று ரோமுக்குத் திரும்பத் திரும்பத் தொலைபேசினார். மால்டாவைக் கேளுங்கள் என்றது ரோம். மால்டா, நீங்கள் லாம்பெதூசாவுக்குத்தான் பக்கம் என்றது. இத்தாலியக் கடற்படையின் 'லிப்ரா' ஏறக்குறைய 20 கடல் மைல் தூரத்தில் நின்றுகொண்டிருந்தது, கட்டளை வரவில்லை. 200-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 60 பேர் குழந்தைகள். இத்தாலி உயிர்வாழும் உரிமையைக் காக்கத் தவறியது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2021-இல் தீர்ப்புச் சொன்னது. ரோம் நீதிமன்றத்தில் நடந்த வழக்கு 2022 டிசம்பரில் காலம் கடந்துவிட்டது என்று முடிந்தது. இவ்விரண்டு விபத்துகளின் வெட்கத்தில்தான் ஒரு வாரம் கழித்து மாரே நோஸ்த்ரும் பிறந்தது. வெட்கப்பட்டபோது உங்களால் ஒன்றரை லட்சம் பேரைக் காப்பாற்ற முடிந்திருக்கிறது.

கிரேக்கத்தின் பைலோஸ் கடலில் 2023 ஜூன் 14 அதிகாலை மூழ்கிய 'அட்ரியானா' படகைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதில் ஏறக்குறைய 750 பேர். முந்தைய நாள் பகலிலேயே ஃபிரான்டெக்ஸ் விமானம் அதைப் பார்த்தது. கடலோரக் காவல் கப்பல் பக்கத்தில் நின்றது. கயிறு கட்டி இழுத்ததால் கவிழ்ந்தது என்கிறார்கள் பிழைத்தவர்கள், காவல்படை மறுக்கிறது. பிழைத்த 104 பேரில் ஒரு பெண்கூட இல்லை. பெண்களும் குழந்தைகளும் அடித்தளத்தில் இருந்தார்கள்.

இவ்வளவையும் தமிழில் ஏன் எழுதுகிறாய் என்று கேட்கலாம். இந்தக் கடலில் நம் பிள்ளைகள் கிடக்கிறார்கள். 1996 டிசம்பர் 25 நள்ளிரவை ஒட்டி, சிசிலியின் தென்முனையில் உள்ள போர்த்தோபாலோ கடற்பரப்பில், பெரிய கப்பலிலிருந்து சிறு மரப்படகுக்கு மாற்றும்போது மோதி, குறைந்தது 283 பேர் மூழ்கினார்கள். இந்தியர்கள், பாகிஸ்தானியர்கள், இலங்கைத் தமிழர்கள். தப்பியவர்கள் கிரேக்கத்தில் போலீசாரிடம் சொன்னார்கள். நம்பவில்லை. படகு மூழ்கியதற்கு ஆதாரம் இல்லை என்று அரசுகள் கைவிரித்தன. ஆதாரம் மாதக்கணக்கில் போர்த்தோபாலோ மீனவர்களின் வலையில் ஏறிக்கொண்டிருந்தது. சொன்னால் விசாரணை, விசாரணை என்றால் படகு முடக்கம் என்று அஞ்சி, அவர்கள் உடல்களை மறுபடி கடலிலேயே போட்டார்கள். ஐந்தாம் ஆண்டில் ஒரு மீனவர், வலையில் வந்த உடையில் ஓர் அடையாள அட்டையைக் கண்டார். ஈழத் தமிழ் இளைஞன் ஒருவனுடையது. 'லா ரிபுப்ளிக்கா' நாளிதழின் செய்தியாளர் ஜொவான்னி மரியா பெல்லு, அந்த மீனவரின் துணையோடு, 2001 ஜூனில் கடலடிக்குக் கேமராவை இறக்கி, 108 மீட்டர் ஆழத்தில் படகையும் எலும்புகளையும் படம் எடுத்து வெளியிட்டார். அரசு இல்லை என்று சொன்ன படகை ஒரு மீனவரும் ஒரு பத்திரிகையாளரும் கண்டுபிடித்தார்கள். உடல்களை மேலே கொண்டுவாருங்கள் என்று நோபல் பரிசு பெற்ற இத்தாலியர்கள் கேட்டுப் பார்த்தார்கள். 370 மீட்டர் ஆழத்துப் படகைத் தூக்கத் தெரிந்த நாடு, 108 மீட்டரில் கிடப்பதை இன்றுவரை தூக்கவில்லை.

அதற்குப் பத்தாண்டு முன்பு, 1986 ஆகஸ்டில், ஜெர்மனியிலிருந்து கப்பலில் போன 155 தமிழர்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்தார்கள். மூடுபனிக்குள் அவர்களைக் கண்ட மீனவர்கள் கப்பலில் ஏற்றிக்கொண்டார்கள். விசா கேட்கவில்லை. அந்தத் தமிழர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கனடாவில் படிக்கிறார்கள்.

2014 முதல் மத்தியதரைக் கடலில் இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் 30,000-க்கு மேல் என்று குடிபெயர்வுக்கான சர்வதேச அமைப்பு எண்ணி வைத்திருக்கிறது. கணக்கில் வராதவர்களை யாரும் எண்ணவில்லை. காப்பாற்றப் போன 'யுவெண்டா' கப்பலை 2017-இல் இத்தாலி பறிமுதல் செய்தது. குற்றமே இல்லை என்று 2024 ஏப்ரலில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தபோது கப்பல் துருப்பிடித்துக் கிடந்தது. 2023 முதல், மீட்புக் கப்பல்களுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ரவென்னா, அன்கோனா, ஜெனோவா போன்ற துறைமுகங்களை ஒதுக்குகிறார்கள். போய்த் திரும்பும் நாட்களில் கடலில் ஆள் இல்லை.

ஐரோப்பாவில் வாழும் தமிழர்களே, கடைசியாக உங்களிடம்தான் சொல்கிறேன். உங்களில் பலர் ஏஜென்சிக்குக் காசு கட்டி, லாரியின் அடியிலும் பனிக்காட்டிலும் கப்பலின் சரக்கறையிலும் வந்தவர்கள், அல்லது அப்படி வந்தவர்களின் பிள்ளைகள். இன்று பாரிஸிலும் ஒஸ்லோவிலும் பலெர்மோவிலும் சூரிக்கிலும் உங்களிடம் வாக்குச்சீட்டு இருக்கிறது. 2022 மே 15-ஆம் தேதி, ஃபிரான்டெக்ஸுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா என்று சுவிட்சர்லாந்து தன் மக்களிடமே கேட்டது. நூற்றுக்கு 71 பேர் ஆம் என்றார்கள். அந்தப் பெட்டியில் தமிழர்களின் சீட்டும் விழுந்திருக்கும். வந்து சேர்ந்தபின் கதவைச் சாத்தச் சொல்கிறவர்களோடு சேராதீர்கள். உங்களில் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவர்களுக்கு அடுத்த ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தல் 2029-இல் வருகிறது; மற்றவர்களுக்கு அவரவர் நாட்டுத் தேர்தல் வரும். வாக்குக் கேட்டு உங்கள் வீட்டு வாசலில் நிற்பவரிடம், 2014 அக்டோபரில் நிறுத்திய கப்பல்களை மறுபடி கடலுக்கு அனுப்புவீர்களா என்று கேளுங்கள். அனுப்புவேன் என்பவருக்கு மட்டும் வாக்களியுங்கள்.